பாத்திரத் தொட்டியில் ஒரு துப்பாக்கி

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பலரிடம் ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. பாலிமர் சட்டகம் கொண்ட துப்பாக்கியைக் கழற்றி, பாகங்களைப் பாத்திரம் கழுவும் எந்திரத்தின் மேல்தட்டில் அடுக்கிவிடுகிறார்கள். சிலர் சமையலறைத் தொட்டியில் வெந்நீரும் பாத்திர சோப்பும் விட்டு டூத் பிரஷால் தேய்க்கிறார்கள். கார் பிரேக்கில் படியும் பிசுக்கை நீக்கும் ஸ்பிரேயை அடிப்பவர்கள் உண்டு. நகைக்கடைகளில் இருப்பது போன்ற அல்ட்ராசோனிக் தொட்டியில் அமிழ்த்துபவர்கள் உண்டு. வினிகரை நாடுபவர்களும் உண்டு. துப்பாக்கிக்கென்றே விற்கும் கரைப்பான், எண்ணெய், குழல் கம்பி, துணித் துண்டு ஆகியவற்றோடு மேசையில் உட்கார்ந்து பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலையை இவை சுருக்கிவிடுகின்றன. கேட்டால் கிடைக்கும் விடை ஒன்றுதான்: "பிளாஸ்டிக் துப்பாக்கிதானே, என்ன ஆகிவிடும்?"

இந்த விடையை அப்படியே ஒதுக்க முடியாது. அதில் பொறியியல் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை துப்பாக்கியின் ஒரு பாகத்தைப் பற்றியது மட்டுமே. ஒரு துப்புரவு முறையை எடைபோட மூன்று கேள்விகள் வேண்டும். அழுக்கை நீக்குகிறதா? நீக்கிய பின் துப்பாக்கியை நம்பத்தக்க நிலையில் விடுகிறதா? நீக்கிய அழுக்கு எங்கே போய்ச் சேர்கிறது? முதல் கேள்வியில் பெரும்பாலான மாற்று முறைகள் தேறிவிடுகின்றன. இரண்டாவதில் தடுமாறுகின்றன. மூன்றாவதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. என் தீர்ப்பு பெரும்பாலும் அந்த மூன்றாவது கேள்வியின்மேல்தான் நிற்கிறது.

பாலிமர் தந்த துணிச்சல்

துப்பாக்கியில் பிளாஸ்டிக் நுழைந்தது நேற்றல்ல. ரெமிங்டன் நிறுவனம் 1959இல் டூபான்ட்டின் நைலானைக் கொண்டு 'நைலான் 66' என்ற சிறிய ரைஃபிளை வெளியிட்டது. 1970இல் ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு கோக் பாலிமர் சட்டகம் கொண்ட விபி70 கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்தது. ஆனால் இந்த வடிவமைப்பை உலக வழக்கமாக்கியவர் ஆஸ்திரியாவின் காஸ்டன் குளோக். திரைச்சீலைக் கம்பிகளும் ராணுவத்துக்கான கத்திகளும் செய்துகொண்டிருந்தவர் அவர். அவருடைய குளோக் 17 கைத்துப்பாக்கியை 1982இல் ஆஸ்திரிய ராணுவம் பி80 என்ற பெயரில் ஏற்றது. அதன்பின் ஸ்மித் அண்டு வெசன், வால்தர், சிக் சாவர் என எல்லோரும் அந்த வழிக்கு வந்தார்கள். 2017இல் அமெரிக்க ராணுவமே பாலிமர் பிடி கொண்ட எம்17ஐத் தேர்ந்தெடுத்தது.

குளோக்கின் சட்டகம் நைலான் வகையைச் சேர்ந்தது. நைலான் உருக 200 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வெப்பம் வேண்டும். பாத்திர எந்திரத்தின் நீரோ பெரும்பாலும் 70 டிகிரியைத் தாண்டுவதில்லை. எண்ணெய், பெட்ரோல், ஆல்கஹால், சோப்புக் காரம் எதுவும் நைலானை எளிதில் அரிக்காது. வலுவான அமிலமும் பீனால் வகைப் பொருள்களும்தான் அதற்கு எதிரிகள். ஆகவே "சட்டகத்துக்கு ஒன்றும் ஆகாது" என்பவர்கள் சரியாகவே சொல்கிறார்கள்.

பிழை அடுத்த அடியில் நேர்கிறது. சட்டகத்தின் தாங்குதிறனை முழுத் துப்பாக்கிக்கும் ஏற்றிவிடுகிறார்கள். மேலே ஓடும் ஸ்லைடு எஃகு. குழல் எஃகு. ஸ்பிரிங்குகள், சிறு ஊசிகள், விசையையும் தோட்டாவின் அடியைத் தாக்கும் ஸ்ட்ரைக்கரையும் இணைக்கும் பட்டை எல்லாம் எஃகு. சட்டகத்துக்குள்ளேயே ஸ்லைடு ஓடுவதற்கான எஃகுத் தண்டவாளங்கள் பதிந்திருக்கின்றன. எடையில் பெரும்பகுதி உலோகம்தான். ஸ்லைடுக்கும் குழலுக்கும் துருவைத் தடுக்கும் நைட்ரைடு பதப்படுத்தல் இருக்கிறது. ஆனால் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் சின்ன ஸ்பிரிங்குகள் எல்லாவற்றுக்கும் அதே கவசம் கிடையாது. துப்பாக்கி சுடுமா சுடாதா என்பதைத் தீர்மானிப்பவை அந்தச் சின்னப் பாகங்களே.

வெந்நீரின் பழைய நியாயம்

நீரால் துப்பாக்கியைக் கழுவுவது புதுமோகம் என்று நினைப்பவர்கள் அதன் வரலாற்றை மறக்கிறார்கள். தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமரில் ஒருகாலத்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகப் படியும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து ஓரிரு நாளில் குழலைத் துருவாக்கிவிடும். எண்ணெயில் அது கரையாது, நீரில் உடனே கரையும். அதனால்தான் பிரிட்டிஷ் ராணுவத்தில் லீ என்ஃபீல்டு ரைஃபிளின் குழலில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றினார்கள். நம் காவல் நிலையங்களில் பல பத்தாண்டுகள் தோளில் தொங்கிய .303 ரைஃபிள் அதுவே. கொதிநீர் உப்பைக் கழுவும். குழலைச் சூடாக்கி, மிஞ்சிய ஈரத்தைத் தானே உலர்த்தவும் செய்யும். பிறகு எண்ணெய் தடவுவார்கள். ஒவ்வொரு படிக்கும் காரணம் இருந்த முறை அது.

1920களின் இறுதியில் ஜெர்மனியில் சினாக்சிட் என்ற அரிப்பற்ற பிரைமர் வந்தது. 1950களில் அமெரிக்க ராணுவமும் அந்தத் திசைக்கு முழுமையாகத் திரும்பியது. இன்று கடையில் வாங்கும் புதிய 9 மில்லிமீட்டர் தோட்டாவில் அந்த உப்பு இல்லை. பழைய ராணுவக் கையிருப்புத் தோட்டாவைச் சுடுபவருக்கு மட்டும் வெந்நீர் இன்றும் இன்றியமையாதது. மற்றவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது காரணம் உதிர்ந்துவிட்ட ஒரு வழக்கத்தை.

இருந்தாலும் சோப்பு நீருக்கு இன்றைய நியாயம் ஒன்று உண்டு. சுட்ட துப்பாக்கியில் படிவது எண்ணெயில் குழைந்த கரி. அந்தப் பிசுக்கைச் சோப்பு நன்றாகவே பிரித்தெடுக்கும். கரைப்பான் புகையை மூடிய அறையில் சுவாசிக்க வேண்டியதில்லை, தீப்பிடிக்கும் அச்சமும் இல்லை. ஆஸ்துமா உள்ள ஒருவருக்கு இது சின்ன ஆதாயமல்ல. சட்டகத்தின் மூலை முடுக்குகளில் சேர்ந்த தூசும் நூலும் சோப்பு நீரில் போகும் அளவுக்குத் துணியில் போவதில்லை.

குறை, நீர் புகும் இடங்களில் இருக்கிறது. ஸ்லைடுக்குள் ஸ்ட்ரைக்கர் ஓடும் குறுகிய குழாய் ஒன்று உண்டு. அதை உலர்வாக வைக்க வேண்டும், எண்ணெய்கூட விடக்கூடாது என்பதே குளோக் கையேட்டின் அறிவுரை. அங்கே நீர் தங்கினால் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். தூசோடு குழைந்தால் ஸ்ட்ரைக்கரின் வேகம் குறையும். கடுங்குளிரில் உறைந்துபோகவும் கூடும். நீருக்குள் இயங்கும் படையினருக்காக குளோக் நிறுவனம் அந்தக் குழாய்க்கென்றே தனியான ஸ்பிரிங் கிண்ணங்களைச் செய்கிறது. நீர் அங்கே எவ்வளவு பெரிய சிக்கல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். ஸ்லைடை வழக்கம்போலக் கழற்றினால் மட்டும் அந்தக் குழாய் திறக்காது. பின்தகட்டையும் எடுக்க வேண்டும். சோப்பு நீர் முறையைப் பரிந்துரைப்பவர்களில் பலர் இந்தப் படியைச் சொல்வதில்லை.

எந்திரத்தின் வசதியும் ஈயத்தின் பாதையும்

பாத்திர எந்திரம் சோப்பு நீர் முறையின் குறைகளை எல்லாம் பெருக்கி, நிறைகளைச் சுருக்கும் வழி. அதன் சலவைப்பொடி கைச் சோப்பைவிடக் காரம் மிகுந்தது. அந்தக் காரம் எஃகின் மேல் எண்ணெய் எதையும் மிச்சம் வைக்காது. தொடர்ந்து வரும் சூடான ஈரக் காற்றில் வெற்று எஃகு மணிக்கணக்கில் கிடக்கும்போது, பதப்படுத்தப்படாத பாகங்களில் செம்மை படரும். அலுமினியத்தால் ஆன விளக்கோ குறிநோக்கிக் கூடோ இருந்தால் அதன் கறுப்புப் பூச்சு வெளுத்துப்போகும். 2015இல் குளோக் குறிநோக்கி பொருத்த ஏதுவான தன் எம்ஓஎஸ் வகைகளை வெளியிட்டபின் ஸ்லைடின்மேல் மின்னணுச் சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி பொருத்துவது பொதுவாகிவிட்டது. அதை அப்படியே எந்திரத்தில் வைத்தால் விலை உயர்ந்த வில்லையும் பசையும் பாழாகும்.

ஆனாலும் இவை பணத்தால் சரியாகும் இழப்புகள். பெரிய இழப்பு ஈயத்தில் இருக்கிறது. பெரும்பாலான பிரைமர்களில் ஈய ஸ்டைஃப்னேட் இருக்கிறது, குண்டின் உள்ளீடும் ஈயம். ஒவ்வொரு வெடிப்பிலும் நுண்ணிய ஈயத் துகள் குழலிலும் ஸ்லைடின் முகத்திலும் சட்டகத்தின் உட்புறத்திலும் படிகிறது. துப்பாக்கியை எந்திரத்தில் கழுவினால் அந்தத் துகளில் ஒரு பங்கு வடிகட்டியிலும் இடுக்குகளிலும் தட்டுகளிலும் தங்கும். மறுநாள் அதே எந்திரத்தில் குழந்தையின் பால் டம்ளர் கழுவப்படும்.

குழந்தையின் ரத்தத்தில் 'இவ்வளவு இருந்தால் பாதிப்பில்லை' என்று சொல்லத்தக்க ஈய அளவு எதையும் மருத்துவம் கண்டறியவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் எச்சரிக்கை வரம்பை 2012இல் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என வைத்தது. 2021இல் அதை 3.5 ஆகக் குறைத்தது. வளரும் மூளையை ஈயம் தாக்கும், தாக்கிய பாதிப்பு மீளாது. "ஒருமுறை வெறும் நீரில் எந்திரத்தை ஓட்டிவிட்டால் போதும்" என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத துகள் போய்விட்டது என்பதை அவர்கள் எப்படி உறுதிசெய்கிறார்கள்? சமையலறைத் தொட்டிக்கும் இதே வாதம் பொருந்தும். காய்கறி கழுவும் இடத்தில் துப்பாக்கியைக் கழுவக்கூடாது. துப்பாக்கி எவ்வளவு பளபளப்பாக வெளியே வந்தாலும் சரி, இந்த ஒரு காரணத்துக்காகவே பாத்திர எந்திர முறையை நான் நிராகரிக்கிறேன்.

ஸ்பிரே, தொட்டி, வீட்டுக் கலவை

பிரேக் கிளீனரின் கவர்ச்சி வேகத்தில் இருக்கிறது. அடித்த நொடியில் கரி வழிந்தோடும், சில நிமிடங்களில் காய்ந்தும்விடும். நீரின் பெரிய குறையான ஈரம் இங்கே இல்லை. ஸ்ட்ரைக்கர் குழாயைச் சுத்தம் செய்ய இது பொருத்தமானது என்று துப்பாக்கி பழுதுபார்ப்பவர்கள் சிலர் கருதுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் பிரேக் கிளீனர் என்பது ஒரே பொருளல்ல. ஒரு வகையில் பெர்குளோரோஎத்திலீன் போன்ற குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் இருக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பெர்குளோரோஎத்திலீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. நுகர்வோர் பொருள்களில் அதற்குத் தடை விதிக்கும் இறுதி விதியை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024 டிசம்பரில் வெளியிட்டது. இவ்வகைக் கரைப்பானின் ஆவி கடுஞ்சூட்டிலோ தீயிலோ பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகக்கூடும். இன்னொரு வகையில் அசிட்டோனும் ஹெப்டேனும் இருக்கும். அசிட்டோனின் ஆவி நீரின் உறைநிலைக்கு 20 டிகிரி கீழேகூடத் தீப்பற்றும். வீட்டுக் கார் கொட்டகையில், எரிவாயு வெந்நீர்க் கலனின் சுடருக்குப் பக்கத்தில் நின்று இதை அடிப்பவர்கள் எவ்வளவு பெரிய ஆபத்தை அழைக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நைலான் சட்டகம் அசிட்டோனைத் தாங்கும். குறிமுனையின் வெள்ளைப் பூச்சு, வேறு பிளாஸ்டிக்கால் ஆன துணைக்கருவி, இரவில் ஒளிரும் டிரிட்டியம் குழாயைப் பிடித்திருக்கும் பசை ஆகியவை தாங்கும் என்று சொல்ல முடியாது. ஸ்பிரே எஃகிலிருந்து எண்ணெயை முற்றாக உரித்துவிடுகிறது என்பதும் உண்மை. உடனே எண்ணெய் இடுபவருக்கு அது நன்மை, அப்படியே பூட்டி வைப்பவருக்குக் கேடு.

அல்ட்ராசோனிக் தொட்டி மாற்று முறைகளில் அறிவார்ந்தது. ஏறத்தாழ 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் திரவத்துக்குள் கோடிக்கணக்கான நுண்குமிழிகள் தோன்றி உடைகின்றன. பிரஷ் புகாத துளைகளிலும் அந்த அதிர்வு புகும். தேய்ப்பு இல்லாததால் குழலின் உட்பள்ளங்களில் கீறல் விழாது. அழுக்கு மூடிய தொட்டிக்குள்ளேயே தங்குவதால், அது எங்கே போகிறது என்பதும் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு ஓரளவு நேர்மையான விடை சொல்லும் முறை இது ஒன்றே. ஆனாலும் எல்லாவற்றையும் அதில் போடக்கூடாது. டிரிட்டியம் குறிமுனைகளையும் மின்னணுக் கருவிகளையும் விலக்க வேண்டும். வெளியே எடுத்ததும் உலர்த்தி, நீரை விரட்டி, புதிதாக எண்ணெய் இட வேண்டும். அந்தக் கடைசிப் படியைத் தவறவிட்டால் தொட்டியின் நன்மை முழுவதும் துருவில் போய்விடும். நீரை விரட்ட டபிள்யூடி-40 உதவும். 1953இல் சான் டியேகோவில் அது உருவாக்கப்பட்டதே அந்த வேலைக்காகத்தான். ஆனால் அதை நீடித்த மசகாக நம்புவது தவறு. தோட்டாவின்மேல் அது படவே கூடாது, பிரைமருக்குள் கசிந்து தோட்டாவைச் செயலிழக்கச் செய்யக்கூடும்.

வீட்டுக் கலவைகளில் மதிக்கத்தக்கது ஒன்று உண்டு. அமெரிக்க ராணுவத்தின் ஆயுத வல்லுநர் ஜூலியன் ஹாட்சர் தன் நூலில் பதிவுசெய்த ஒரு பழைய ஆயுதச்சாலைச் செய்முறையில் அசிட்டோனும் டர்பன்டைனும் மண்ணெண்ணெயும் திமிங்கில எண்ணெயும் இருந்தன. பின்னாளில் எட் ஹாரிஸ் என்பவர் திமிங்கில எண்ணெய்க்குப் பதிலாகக் காரின் கியர்ப்பெட்டித் திரவத்தைச் சேர்த்து அதைப் புதுப்பித்தார். 'எட்'ஸ் ரெட்' என்ற பெயரில் அது பரவியது. ஒவ்வொரு பொருளும் ஏன் சேர்கிறது, எது தீப்பற்றும், எதை விட்டுவிடலாம் என்று விளக்கத்தோடு வந்த கலவை அது. மலிவு, எளிமை, பின்னணியில் சோதித்த அறிவு மூன்றும் அதில் சேர்ந்தன. மாற்று முறை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதுவே நல்ல அளவுகோல்.

அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த குளியல் நிற்கிறது. முக்கியமாக ஒலியடக்கிகளில் படிந்த ஈயத்தைக் கரைக்கப் பயன்படும் இது குழலுக்கும் வந்துவிட்டது. ஈயம் உண்மையிலேயே கரைகிறது, வேதியியல் பொய்க்கவில்லை. ஆனால் கரைந்த ஈயம் ஈய அசிடேட்டாக மாறுகிறது. அது நீரில் கரைவது, சுவையில் இனிப்பது, உடலில் எளிதாகச் சேர்வது. குழாயில் கொட்டினால் ஊர்ச் சாக்கடைக்குப் போகும், வாளியில் விட்டால் வீட்டில் நஞ்சாக நிற்கும். கெட்டியாக ஒட்டியிருந்த, ஓரளவு அடங்கிய நஞ்சை எளிதில் பரவும் நஞ்சாக்கும் இந்த முறைக்கு வீட்டில் இடமே இல்லை. பிளீச் கலந்த துப்புரவுத் திரவமும் அப்படியே விலக்க வேண்டியது. அது எஃகில் குழி விழச்செய்யும். எதையும் தாங்கும் என்று நம்பும் நைலானையும் நாளடைவில் சிதைக்கும்.

மரபு முறையையும் கேள்வி கேட்க வேண்டும்

மாற்று முறைகளை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. மரபான மேசை முறையிலும் குறைகள் உண்டு. எஃகுக் கம்பியைக் குழலின் வாய்ப்பக்கமாகச் செலுத்தினால், குண்டு விடைபெறும் விளிம்பு தேயும். குறிதவறுவதற்கு அது ஒரு காரணம். எண்ணெயை அள்ளி ஊற்றுவது வேறொரு பிழை. குளோக் கேட்பது சில துளிகள்தான். மிகுதி எண்ணெய் வெடிமருந்துக் கரியைப் பிடித்துக் கூழாக்கும். அமோனியா கலந்த செம்பு நீக்கிகளைக் குழலில் நெடுநேரம் விட்டுவைப்பதும் நல்லதல்ல. உணவு மேசையில் செய்தித்தாளை விரித்துத் துப்பாக்கியைத் துடைப்பவர், பாத்திர எந்திரக்காரரைவிட ஈய விஷயத்தில் பெரிதாகத் தேறிவிடவில்லை. மரபு என்பதாலேயே ஒரு முறை தூயதாகிவிடாது.

எல்லா முறைகளுக்கும் முன்னால் நிற்கும் ஆபத்து ஒன்று இருக்கிறது. குளோக்கைக் கழற்ற விசையை ஒருமுறை அழுத்தியே ஆக வேண்டும். அறைக்குள் தோட்டா ஒன்று மிஞ்சியிருந்தால் அந்த அழுத்தம் உயிரைக் குடிக்கும். எம்17க்கு அடிப்படையான பி320இல் விசையைத் தொடாமலே கழற்றலாம். குளோக் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. மகசீனை எடுத்து, ஸ்லைடைப் பின்னிழுத்து நிறுத்தி, அறையைக் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டுப் பார்த்து, தோட்டாக்களை வேறு அறைக்கு அனுப்பிய பிறகே விசையில் விரல் போக வேண்டும். துப்புரவு வேலையை வேகப்படுத்தும் எந்த முறையும் இந்தப் படியையும் வேகப்படுத்தத் தூண்டும். சுருக்குவழிகளின் மேல் எனக்குள்ள ஆழமான ஐயம் இதுதான்.

தீர்ப்பு

அல்ட்ராசோனிக் தொட்டியை ஏற்கலாம். ஸ்லைடு, குழல், சிறு எஃகுப் பாகங்களுக்கு, உலர்த்தலும் எண்ணெயும் தவறாமல் தொடரும் என்ற உறுதியோடு. சோப்பு நீரை மூன்று நிபந்தனைகளோடு ஏற்கலாம். துப்பாக்கிக்கென்றே தனி வாளி இருக்க வேண்டும், ஸ்ட்ரைக்கர் குழாயைத் திறந்து உலர்த்த வேண்டும், கையுறை அணிய வேண்டும். எட்'ஸ் ரெட் போன்ற கலவையைக் காற்றோட்டமான வெளியில், தீயிலிருந்து விலகிப் பயன்படுத்தலாம். பிரேக் கிளீனரைத் தேர்ந்த பழுதுபார்ப்பவரின் கையில் விட்டுவிடுவது நல்லது. பாத்திர எந்திரம், வினிகர்க் குளியல், பிளீச் மூன்றையும் கைவிட வேண்டும். எந்த முறையில் செய்தாலும், மீண்டும் பூட்டிய பின் காலித் துப்பாக்கியில் ஸ்லைடு தடையின்றி ஓடுகிறதா, விசை திரும்பி நிற்கிறதா என்று பார்க்காமல் வேலை முடிவதில்லை.

இந்த முறைகளுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் சான்று எப்போதும் ஒரே வகை: "செய்தேன், அதன்பின்னும் துப்பாக்கி சுட்டது." பாலிமர் துப்பாக்கி மிக நன்றாக வடிவமைக்கப்பட்ட பொருள். சேற்றிலும் மணலிலும் சுட வேண்டும் என்றே அதைச் செய்தார்கள். அப்படிப்பட்ட ஒன்று தவறான துப்புரவுக்குப் பின்னும் சுடுவதில் வியப்பில்லை. அதன் உறுதி நம் கவனக்குறைவை மறைத்துவிடுகிறது. மறைந்த குறை வேறிடத்தில் வெளிப்படுகிறது: வடிகட்டியில் தங்கிய துகளாக, நுரையீரலில் சேர்ந்த ஆவியாக, நெருக்கடி நேரத்தில் மெதுவாகப் பாயும் ஸ்ட்ரைக்கராக. துப்பாக்கி வைத்திருப்பது பொறுப்பு என்று சொல்லும் சமூகம், அந்தப் பொறுப்பைச் சுடும் நொடியோடு நிறுத்திவிடக் கூடாது. துடைத்த துணியை உறையிலிட்டு, தன் ஊரின் அபாயக் கழிவு சேகரிப்பில் ஒப்படைத்து, கையைக் கழுவி, உடையை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்கும் வரை அது நீள வேண்டும்.